‘அவன் சுபாவமே அப்படி’ என்று விட்டுவிடலாமா? போதை நோய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியிலோ மாத்திரையிலோ மாட்டிக்கொண்டவரின் மனைவி, அம்மா, அண்ணன் தம்பி என்று வீட்டில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. எதைக் கேட்டாலும் உள்ளுக்குள் ஒரு பயம் ஓடிக்கொண்டிருக்கும்: இது இந்த ஆளின் பிறவிக் குணமோ, என்ன செய்தாலும் மாறாதோ? அதனால் அதையே முதல் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன்.

போதைக்கு அடிமையாகிறவர்களுக்கென்று ஒரு தனிக் குணம் இருக்கிறதா?

இல்லை. நிறையத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்துக்காக ஆலன் லாங் என்ற உளவியலாளர் அதுவரை வந்த ஆய்வுகளை 1983இல் தொகுத்துப் பார்த்தார். அடிமையான எல்லோருக்கும் பொதுவான ஒரே ஆளுமை என்று எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தவை சில போக்குகள்தான்: யோசிக்காமல் சட்டென்று இறங்கிவிடுவது, பரபரப்பைத் தேடுவது, ஊரோடு ஒட்டாமல் தனியாக உணர்வது, மன அழுத்தம் அதிகமாக இருப்பது. இந்தப் போக்குகள் உள்ளவர்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதல். அவ்வளவுதான். அதே துணிச்சலும் அவசரமும் உள்ள எத்தனையோ பேர் விளையாட்டிலும் வியாபாரத்திலும் நன்றாகவே இருக்கிறார்கள். மறுபக்கம், நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிற, பயந்த சுபாவமுள்ள ஒருவர் தூக்கம் வருவதற்காக ராத்திரி ஒரு கட்டிங் என்று தொடங்கி, பத்து வருடத்தில் காலையிலேயே கை நடுங்குகிற நிலைக்கு வந்துவிடுகிறார். இந்த இரண்டு பேரையும் ஒரே குணத்தில் அடைக்க முடியாது.

இதைவிட அழுத்தமான சாட்சி பார்க்கின்சன் நோயாளிகளிடம் இருக்கிறது. நடுக்கத்தைக் குறைக்க அவர்களுக்கு பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் தருகிறார்கள். மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் செய்யும் வேலையை இவை செய்கின்றன. வாழ்நாள் முழுக்கச் சீட்டையே தொடாத பெரியவர்கள் சிலர், இந்த மாத்திரை தொடங்கிய பிறகு சூதாட்டத்தில் பணத்தைக் கொட்டியிருக்கிறார்கள். சிலர் கண்டதையெல்லாம் வாங்கிக் குவித்திருக்கிறார்கள். 2010இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், இவ்வகை மருந்து எடுத்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கு இப்படிக் கட்டுப்பாடு இழந்த நடத்தை இருந்தது. மருந்தைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் பழைய மனிதராகத் திரும்பிவிடுகிறார்கள். அறுபது வருடம் கட்டிக் காத்த குணத்தை ஒரு மாத்திரை இப்படிப் புரட்டிப் போடும் என்றால், சாராயம் இருபது வருடத்தில் என்னதான் செய்யாது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொய் சொல்வது, வீட்டுப் பொருளை விற்பது, யாரைப் பற்றியும் கவலைப்படாதது எல்லாம் பார்க்கிறவர்களுக்குப் பிறவிக் குணமாகத் தெரிகின்றன. பெரும்பாலும் இவை நோய் முற்றிய பிறகு வந்தவை. “முன்னாடி என் பிள்ளை இப்படி இல்லை” என்று அம்மா சொல்வதைப் பாசத்தில் சொல்வதாக ஒதுக்கிவிடுகிறோம். பல நேரம் அவர் சொல்வதுதான் சரி.

அப்பா குடித்தே செத்தார். மகனும் அப்படித்தான் ஆவானா?

பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளின்படி, ஆபத்தில் ஏறக்குறைய பாதி பரம்பரையோடு சேர்ந்தது. டென்மார்க் மக்களை வைத்து டொனால்ட் குட்வின் என்ற மனநல மருத்துவர் 1973இல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. கைக்குழந்தையிலேயே தத்துக் கொடுக்கப்பட்டு வேறு வீட்டில் வளர்ந்த ஆண்களை அவர் குழுவினர் பார்த்தார்கள். பெற்றவருக்குக் குடிநோய் இருந்திருந்தால், பிள்ளைகளில் 18 சதவீதம் பேருக்கு அது வந்திருந்தது. பெற்றவருக்குக் குடிநோய் இல்லாத பிள்ளைகளில் 5 சதவீதம். ஆபத்து மூன்று மடங்குக்கும் மேல்.

அதே எண்ணைத் திருப்பிப் பாருங்கள். குடிநோயாளிக்குப் பிறந்தவர்களில் 82 சதவீதம் பேருக்கு அது வரவில்லை. ‘அப்பனைப் போலத்தானே இருப்பான்’ என்று சின்ன வயதிலிருந்தே ஒரு பையன் காதில் போட்டுக்கொண்டிருப்பது பெரிய அநியாயம். அவனிடம் சொல்ல வேண்டியது வேறு: “உனக்கு ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். அதனால் எவ்வளவு தள்ளிப் போடுகிறாயோ அவ்வளவு நல்லது.” 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானார்கள் என்றும், 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் அது 10 சதவீதம் அளவில்தான் இருந்தது என்றும் அமெரிக்காவில் 1997இல் வெளியான ஆய்வு சொல்கிறது. சீக்கிரம் தொடங்கியதால் மட்டும்தான் இந்த வித்தியாசம் என்று சொல்ல முடியாது. வீட்டுச் சூழ்நிலையும் கலந்திருக்கும். ஆனாலும் வளர்கிற மூளையைக் காப்பாற்றுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஒரு தடவை எடுத்தாலே அடிமையாகிவிடுவார்களா?

பெரும்பாலோர் ஆவதில்லை. 1990களில் அமெரிக்காவில் நடந்த பெரிய கணக்கெடுப்பில், ஒருமுறையாவது தொட்டுப் பார்த்தவர்களில் பின்னால் அடிமையானவர்கள்: புகையிலையில் 32 சதவீதம், ஹெராயினில் 23, கொக்கைனில் 17, மதுவில் 15, கஞ்சாவில் 9. முதலிடம் புகையிலைக்கு என்பதைக் கவனியுங்கள். பள்ளிக்கூடத்துப் பையன் வாயில் ஹான்ஸ், கூல் லிப் போன்ற புகையிலையை ஒதுக்கினால் ‘அது சும்மா பாக்கு மாதிரி’ என்று விடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

‘ஒரு தடவை தொட்டாலே தொலைந்தாய்’ என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தொட்டுப் பார்த்த பையன் மறுநாள் சாதாரணமாக எழுந்து காலேஜ் போவான். அதற்கப்புறம் பெரியவர்கள் சொல்லும் எதையும் அவன் நம்ப மாட்டான்.

மூளையில் அப்படி என்னதான் நடக்கிறது?

போதையில் கிடைக்கும் சுகத்தால்தான் விட முடியவில்லை என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மூளை ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ் தன் ஆய்வுகளில் காட்டியது, ஒன்றை ரசிப்பதும் ஒன்றுக்காக ஏங்குவதும் மூளையில் தனித்தனி வேலைகள் என்பது. டோபமைனுக்கு முக்கியப் பங்கு ஏக்கத்தில்தான். போதைப்பொருள் திரும்பத் திரும்ப உள்ளே போகும்போது ஏக்கம் ஏறிக்கொண்டே போகும், சுகமோ தேய்ந்துகொண்டே வரும். அதனால்தான் பழைய குடிநோயாளிகள் “எனக்கு இப்போ அது பிடிக்கக்கூட இல்லீங்க, ஆனா விட முடியல” என்கிறார்கள். நடிக்கவில்லை, உள்ளே நடப்பதை அப்படியே சொல்கிறார்கள்.

இன்னொரு பக்கம், போதைப்பொருளுக்கு ஈடுகொடுத்து உடம்பு தன்னை மாற்றிக்கொள்கிறது. ஒரு குவார்ட்டரில் கிடைத்தது அரை பாட்டிலில்தான் கிடைக்கும். நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, பதற்றம். ஒரு கட்டத்துக்கு மேல் அவர் குடிப்பது சந்தோஷத்துக்காக அல்ல, சாதாரணமாக எழுந்து நடமாடுவதற்காக.

வெறும் பழக்கம் எது, நோய் எது?

அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நினைத்ததைவிட அதிகம் எடுத்துவிடுவது, குறைக்கப் பார்த்தும் முடியாமல் போவது, பொழுதெல்லாம் அதற்கே செலவாவது, வேலையும் வீடும் கெடுவது, உடம்பு கெடுகிறது என்று தெரிந்தே தொடர்வது, நிறுத்தினால் உடம்பு தொந்தரவு செய்வது என்று மனநல மருத்துவர்கள் மொத்தம் 11 அடையாளங்களைப் பார்க்கிறார்கள். ஒரு வருடத்துக்குள் இரண்டு இருந்தாலே கவனிக்க வேண்டும். ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் தீவிரம். சம்பாதிக்கிறார், சண்டை போடுவதில்லை என்பதெல்லாம் நோய் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

மாலை போட்டால் 48 நாள் தொடாமல் இருக்கிறாரே! அப்படியென்றால் மற்ற நாளில் வேண்டுமென்றேதானே குடிக்கிறார்?

தமிழ்நாட்டில் அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். கேட்கிற மனைவியின் கோபமும் நியாயம்தான். ‘சாமிக்காக முடிகிறது, எனக்காக முடியாதா?’ என்பது அதற்குள் இருக்கும் வலி.

அந்த 48 நாளில் என்னென்ன மாறுகிறது என்று யோசியுங்கள். உடை மாறுகிறது. எல்லோரும் ‘சாமி’ என்று கூப்பிடுகிறார்கள். கூடக் குடிக்கும் நண்பர்கள் அழைப்பதே இல்லை. அழைத்தால் பாவம் என்று அவர்களுக்கும் பயம். விடியற்காலையில் குளியல், சாயங்காலம் பஜனை, நாள் முழுக்க ஒரு ஒழுங்கு. டாஸ்மாக் பக்கம் போனால் ஊரே பார்க்கும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு முடிவுத் தேதி இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும் இவ்வளவும் ஒரே நாளில் போய்விடுகிறது. பழைய தெரு, பழைய ஆட்கள், பழைய நேரம். ஏக்கம் அங்கேயே காத்திருக்கிறது.

வியட்நாம் போரில் இதே விஷயம் ஒரு நாட்டளவில் நடந்தது. அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையாகியிருந்தார்கள். எல்லோரும் ஊர் திரும்பினால் நாடே நாறிவிடும் என்று அரசு பயந்தது. 1971இல் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடிப் போய் விசாரித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் வருடத்துக்குள் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம். மூன்று வருடத்தில் 12. ஊர் வந்து ஒரு தடவை தொட்டவர்கள்கூட நிறையப் பேர் உண்டு, ஆனால் அடிமையாகவில்லை. ஆள் அதே ஆள்தான். போரும் பயமும் அலுப்பும் தெருவெங்கும் கிடைத்த மலிவான ஹெராயினும்தான் இல்லாமல் போயின.

ஆக, மாலை போட்டு இருந்தவரிடம் கேட்க வேண்டியது “அப்போ முடிஞ்சுது, இப்போ ஏன் முடியல?” என்பதல்ல. “அந்த நாட்களில் எது உனக்கு உதவியாக இருந்தது? அதில் எதையெல்லாம் கழற்றாமல் வைத்துக்கொள்ளலாம்?” என்று உட்கார்ந்து பேசுங்கள். சாயங்கால நேரத்தில் போக ஓர் இடம், குடிக்காத நாலு பேர், சம்பளத்தை மனைவியின் கணக்கில் போடுவது என்று வழி கிடைக்கும். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் தங்களுக்காகவே நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள், 1935இல் அமெரிக்காவில் தொடங்கி இன்று நம் ஊர்களிலும் தமிழில் நடக்கின்றன. அவை பலருக்குச் செய்வதும் இதைத்தான்: சாயங்காலத்துக்கு ஓர் இடம், சுற்றிலும் ஒரு கூட்டம்.

அப்படியென்றால் நாளைக்கே ஒரேயடியாக நிறுத்தச் சொல்லலாமா?

தினமும் அதிகம் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் என்றால் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். உயிருக்கே ஆபத்து. கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பிதற்றல், காய்ச்சல், ஆள் அடையாளம் தெரியாமை, சுவரில் பூச்சி ஊர்வதாகவும் யாரோ கொல்ல வருவதாகவும் அலறுவது எல்லாம் வரலாம். பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரிக்கிறார்கள். அந்த நேரத்தில் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. அங்கே மருந்து கொடுத்து அந்த நாட்களைப் பத்திரமாகத் தாண்ட வைப்பார்கள். பக்கத்துக் கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். வைட்டமின் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் போனால், சத்தில்லாத உடம்பில் அது மூளையைப் பாதிக்கக்கூடும். “தினமும் குடிப்பவர்” என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து வேலை செய்யுமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். பஸ் ஸ்டாண்டு சுவரிலும் யூடியூபிலும் விளம்பரம் வருகிறது: குடியை மறக்கடிக்கும் பவுடர், நிறம் இல்லை, மணம் இல்லை, குழம்பில் கலக்கலாம் என்று. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

டைசல்பிராம் என்று ஒரு மாத்திரை உண்டு. மது உடம்பில் சிதையும்போது அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சு உண்டாகிறது. அதை உடம்பு வெளியேற்ற முடியாதபடி இந்த மாத்திரை தடுக்கிறது. அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதய நோய் உள்ளவர் இறந்தே போகலாம். கடைசி மாத்திரைக்கு இரண்டு வாரம் கழித்துக் குடித்தால்கூட இது நடக்கலாம். அதனால் இதை நோயாளிக்கு முழுவதும் விளக்கி, பரிசோதித்து, அவர் சம்மதத்தோடு மட்டுமே தர வேண்டும். விட வேண்டும் என்று தானே நினைக்கிறவருக்கு, வீட்டார் கண்முன்னால் தினமும் போட்டுக்கொண்டால் இது நல்ல துணை. தெரியாமல் கொடுத்தால் விஷம்.

ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. கேட்டு வாங்கலாம், பலருக்கு இவை இருப்பதே தெரியாது.

பையன் வலி மாத்திரையைப் பொடித்து ஊசி போடுகிறான். இதுவும் குடி மாதிரிதானா?

இது வேறு வகை, அவசரமும் அதிகம். டேபெண்டடால் போன்ற வலி மாத்திரைகள் அபினி இனத்தைப் போலவே மூளையில் வேலை செய்கின்றன. விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றினால், அதிலுள்ள மாவுப் பொருட்கள் ரத்தக் குழாயை அடைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகள் வரலாம். அளவு மீறினால் மூச்சு நின்றுவிடும். உதடு நீலமாகி, எழுப்பினால் எழாமல், மூச்சு மெதுவாக இருந்தால் தூங்குகிறான் என்று விட்டுவிடாமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

பெற்றோர்கள் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. சில வாரம் நிறுத்தியிருந்தவன் பழைய அளவையே மறுபடி எடுத்தால் அதுதான் மிக ஆபத்தான வேளை. உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். மறுவாழ்வு மையத்திலிருந்தோ ஜெயிலிலிருந்தோ வெளியே வந்த முதல் வாரங்களில் இப்படிச் சாவுகள் நடக்கின்றன. இந்த வகைக்கு பூப்ரெனார்பின் போன்ற மாற்று மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் நீண்ட நாள் எடுப்பது உயிரைக் காக்கும். ‘ஒன்றுக்குப் பதில் இன்னொரு போதை’ என்று பாதியில் பிடுங்கி எறியாதீர்கள்.

ஒன்றை விட்டால் இன்னொன்றைப் பிடித்துக்கொள்வாரா?

எல்லோரும் அப்படி இல்லை. குடியை விட்டவர் டீயும் சிகரெட்டும் கூட்டுவது சகஜம். சிலர் போனில் சூதாட்டத்தில் இறங்குகிறார்கள். பணம் வைத்து ஆடும் ரம்மியை அப்படித்தான் பார்க்க வேண்டும். பதற்றமோ மனச்சோர்வோ கவனக்குறைவு நோயோ அடியில் வைத்தியம் பார்க்கப்படாமல் இருந்தால் இது நடக்க வாய்ப்பு அதிகம். மனநல மருத்துவரிடம் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் மனைவி. சண்டை போட்டாயிற்று, கெஞ்சியாயிற்று, அம்மா வீட்டுக்கும் போய்ப் பார்த்துவிட்டேன். இனி என்ன செய்வது?

முதலில், இது உங்களால் வந்ததில்லை. அடி உதை இருந்தால் உங்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றிக்கொள்வதுதான் முதல் வேலை. பெண்களுக்கான உதவி எண் 181.

‘அவனாகத் திருந்தினால்தான் உண்டு, நாம் செய்ய ஒன்றுமில்லை’ என்று பலரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது சரியில்லை. 1999இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், சிகிச்சைக்கு வர மறுத்த குடிநோயாளிகளின் வீட்டாரை மூன்றாகப் பிரித்தார்கள். வீட்டார் தங்கள் மனதைத் தேற்றிக்கொள்ளும் கூட்ட வழியில் 13 சதவீதம் நோயாளிகள் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து நேருக்கு நேர் கேட்கும் முறையில் 30. குடிக்காத நேரத்தைக் கவனித்து அதைச் சந்தோஷமாக்குவது, குடித்த நேரத்தில் விலகிவிடுவது, குடியின் விளைவை மூடி மறைக்காமல் விடுவது, சரியான நேரம் பார்த்து சிகிச்சையைப் பற்றிப் பேசுவது என்று வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்தபோது 64.

அன்றாடத்தில் அதன் அர்த்தம் இதுதான். போதையில் இருப்பவரிடம் நியாயம் பேசாதீர்கள்; எதுவும் ஏறாது. ஆபீசுக்கு போன் போட்டு ‘காய்ச்சல்’ என்று நீங்கள் பொய் சொல்லாதீர்கள். கடனை அடைக்கத் தாலிச் சங்கிலியைக் கொடுக்காதீர்கள். குடிக்காமல் வந்த சாயங்காலம் பழைய கணக்கை எடுக்காமல், அவருக்குப் பிடித்ததைச் செய்து, பிள்ளைகளோடு உட்கார வையுங்கள். உடம்புக்கு முடியாமல், வெட்கத்தோடு காலையில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் “வாங்க, டாக்டரைப் பார்த்துட்டு வரலாம்” என்று சொல்ல ஏற்ற நேரம்.

ஒரு மையத்திலிருந்து வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறார்களாம். சேர்க்கலாமா?

போன் செய்தால் நாலு பேர் காரில் வந்து கையைக் கட்டித் தூக்கிப் போகிற இடத்தில் சேர்க்காதீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநலப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. அதன்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிய பிறகும் நாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருப்பது கொடுமை. மருத்துவர் வருகிறாரா, வீட்டார் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமா, வெளியே வந்த பிறகு தொடர்ந்து பார்ப்பார்களா என்று கேளுங்கள். மூன்று மாதம் பார்க்கவே விடமாட்டோம் என்றால் வேறு இடம் தேடுங்கள்.

ஆறு மாதம் நன்றாக இருந்தார், மறுபடி குடித்துவிட்டார். எல்லாம் வீணா?

இல்லை. சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் மறுபடி தொடுகிறார்கள். ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகளும் ஏறக்குறைய இதே அளவில் மருந்தை விட்டு மறுபடி படுக்கிறார்கள். அவர்களை நாம் குணம் கெட்டவர்கள் என்பதில்லை. அந்த ஆறு மாதம் கல்லீரலும் மூளையும் ஆறியிருக்கின்றன. இரண்டாவது நாளே டாக்டரிடம் போனால் அது ஒரு சறுக்கலோடு நின்றுவிடும். வெட்கப்பட்டு ஒளிந்தால்தான் மாதக்கணக்கில் இழுக்கும்.

சிகிச்சைக்குப் போனால் போலீஸ் கேஸ் வருமா?

குடிக்கு அந்தப் பேச்சே இல்லை. கஞ்சா, ஹெராயின் போன்றவற்றுக்கான 1985ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு உள்ள ஓர் அடிமை, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானே முன்வந்து சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெறலாம். சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது?

2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்கள் சுமார் 2.9 கோடி. அவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்தவர் 38 பேருக்கு ஒருவர்தான். பணம், தூரம், வெட்கம் என்று காரணங்கள் உண்டு. ‘அவன் சுபாவம் அது, வைத்தியத்துக்கு அடங்காது’ என்ற எண்ணமும் அதில் ஒன்று என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் புறநோயாளிச் சீட்டு போட்டாலே போதும். சென்னை இந்திரா நகரில் இருக்கும் டி.டி.கே. மருத்துவமனை, கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கியது. வீட்டாருக்கும் அங்கே தனியாகப் பயிற்சி உண்டு. பெங்களூருவில் இருக்கும் தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் போதை மருத்துவத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. வீட்டிலிருந்தே பேச 14446 என்ற தேசிய போதை மீட்பு எண்ணும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணும் இலவசம். நோயாளி வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் பேசலாம், நீங்கள் மட்டும் போகலாம்.